புறவாசல் சொன்னதே சமையல்

அம்பாசமுத்திரத்தில், தாமிரபரணிக்கு நடந்தே போய்க் குளித்து வரும் தூரத்தில் இருந்த அந்த வீட்டில், இன்றைக்கு என்ன குழம்பு என்று யாரும் உட்கார்ந்து யோசித்ததில்லை. விடிந்ததும் ஆச்சி புறவாசல் கதவைத் திறந்து ஒரு சுற்றுச் சுற்றி வருவாள். திரும்பும்போது அவள் மடியில் என்ன இருக்கிறதோ அதுதான் அன்றைய சமையல். நாலு கத்தரிக்காய், ஒரு முருங்கைக்காய், கைப்பிடி அவரை என்று வந்தால் ஒரு மாதிரி. மடி கொள்ளாமல் சீனிஅவரைக்காய் வந்தால் வேறு மாதிரி. எண்பதுகளில் அந்த வீட்டில் வளர்ந்த பேத்தி, கடையில் வாங்கும் காய் என்றால் உருளைக்கிழங்கும் பல்லாரியும்தான் என்று வெகுநாள் நினைத்திருந்தாள்.

வீட்டுத் தோட்டம் ஒருநாளும் அளவாகக் கொடுப்பதில்லை. ஒன்று, எதைப் பார்த்தாலும் இரண்டு மூன்றுதான் இருக்கும். ஒரு காயை மட்டும் வைத்து ஒரு குடும்பத்துக்குப் பொரியல் வைக்க முடியாது. இல்லாவிட்டால் ஒரே காய் கொட்டோ கொட்டென்று கொட்டி, வீட்டில் எல்லோரும் முகம் சுளிக்கும்வரை வரும். அவியல், கூட்டாஞ்சோறு, பல காய் போட்ட குழம்பு எல்லாம் முதல் நிலைமைக்குப் பிறந்தவை. வத்தல், துவையல், ஊறுகாய், பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் பழக்கம் எல்லாம் இரண்டாவதற்குப் பிறந்தவை. சமையல் புத்தகம் முதலில் பதார்த்தத்தின் பெயரைச் சொல்லி, பிறகு காய்களைப் பட்டியலிடுகிறது. புறவாசல் வைத்திருந்தவர்கள் அந்த வரிசையில் சமைத்ததே இல்லை. பேத்தி இதைத் தன் அனுபவத்தில் கண்டு, இன்றுவரை விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அந்தப் புறவாசலை ஒரு தோட்டம் என்று யாரும் வரைபடம் போட்டு அமைக்கவில்லை. தண்ணீர் போன பக்கமெல்லாம் செடி போனது. அங்கணத்தில் பாத்திரம் விளக்கிய தண்ணீர் சுவரோரத்து வாய்க்காலில் ஓடி நேரே வாழை மூட்டுக்குப் போகும். அன்றைக்குப் பாத்திரம் விளக்கச் சோப்புக் கிடையாது; அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாரும்தான். விறகுச் சாம்பலில் பொட்டாஷ் உண்டு. வாழை அதிகம் கேட்பதும் பொட்டாஷ்தான். வாழையைத் தாண்டி வழிந்த ஈரத்தில் சேம்பு நின்றது. கிணற்றடித் துவைகல்லின் பக்கம் மட்டும் எதுவும் வைக்கமாட்டார்கள். சவுக்காரத் தண்ணீர் சேரும் இடம் அது. அரிசி களைந்த தண்ணீரும், புளித்து உதவாமல் போன மோரும் கறிவேப்பிலைக்கு. அடுக்களையில் எதையாவது கொட்ட வேண்டும் என்றால் எங்கே கொட்டுவது என்பது வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்திருந்தது.

ஆடி பிறந்ததும் ஆச்சி பரணிலிருந்து விதைப் பானையை இறக்குவாள். சாம்பலில் புரட்டித் துணியில் முடிந்த சிறு முடிச்சுகள் அதில் இருக்கும். அவரை, புடலை, பீர்க்கு, பாகல், பூசணி, தடியங்காய். எந்த முடிச்சில் எது என்று எழுதி வைத்திருக்கமாட்டாள். விரலால் அழுத்திப் பார்த்தே சொல்லிவிடுவாள். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது வெறும் வாய்வார்த்தை இல்லை. தென்மேற்குப் பருவக்காற்றின் சாரலில் முளைத்து வேர்பிடித்த கொடி, ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை கொட்டும்போது பந்தலேறி நிற்கும். கன்றாக அந்த மழையில் சிக்கினால் அழுகிப்போகும்.

அவரைக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. ஆவணியிலேயே பந்தலை மூடி, புரட்டாசியில் கூரைமேல் ஏறிவிடும். இலையும் கொடியுமாக அவ்வளவு செழித்து நிற்கும் செடியில் ஒரு பூவைக்கூடப் பார்க்க முடியாது. பேத்தி பந்தலடியில் நின்று கேட்பாள்.

“ஏன் ஆச்சி, இம்புட்டுக் கொடி ஓடியிருக்கு, ஒரு பூவக் காணலையே?”

“கார்த்திகை பொறக்கட்டும்ட்டி. அதுக்கு முந்தி நீ தலைகீழா நின்னாலும் அது பூக்காது.”

அப்படியே நடக்கும். கார்த்திகைப் பனி இறங்கிய பிறகு ஊதாவும் வெள்ளையுமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். மார்கழியில் காய் பறிக்கலாம். தை, மாசி வரை ஓயாது. பிற்பாடு கல்லூரியில் தாவரவியல் படித்தபோதுதான் பேத்திக்கு அதன் காரணம் பிடிபட்டது. பந்தல் அவரை, பொழுது குறுகினால்தான் பூக்கும் செடி. இரவு போதுமான அளவு நீண்டால்தான் அதன் கணுக்களில் பூமொட்டு உருவாகும். அம்பாசமுத்திரம் நிலநடுக்கோட்டுக்கு அருகே, ஏறக்குறைய 8.7 பாகை வடக்கில் இருக்கிறது. அங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் ஒரு மணி நேரம்தான். மனிதர்கள் கவனிக்கவே கவனிக்காத அந்த ஒரு மணி நேரத்தை ஒரு கொடி உணர்கிறது, ஆச்சியும் அதைத் தமிழ் மாதத்தின் பெயரால் அறிந்து வைத்திருந்தாள் என்பது பேத்திக்கு இன்றைக்கும் தீராத வியப்பு. இப்போது விதைக் கடைகளில் கிடைக்கும் குத்துச்செடி அவரை ரகங்களில் பல, பொழுதின் நீளத்தைப் பொருட்படுத்தாதவை. ஆண்டு முழுக்கக் காய்க்கும். அவற்றால் வந்த வசதி பெரியது. ஆனாலும் மார்கழிக் குளிரில் பறித்த பந்தல் அவரையின் மணம் அவற்றில் இல்லை என்பதில் அந்தக் குடும்பத்தில் இரண்டு கருத்துக் கிடையாது.

அந்தக் குளிர்தான் அவரைக்கு எதிரியையும் கொண்டுவரும். பூங்கொத்தின் காம்பில் கருப்பாக அசுவினி அப்பிக்கொள்ளும். கூடவே எறும்பு ஏறும். அசுவினி வெளிவிடும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைக் காவல் காக்கின்றன. அதனால் எறும்பு வரிசை எந்தக் கொடியில் ஏறுகிறதோ அந்தக் கொடியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆச்சி சல்லடையில் சாம்பலை எடுத்துக்கொண்டு இருட்டோடு போவாள். இலையில் பனி ஈரம் இருக்கும்போதே தூவினால்தான் சாம்பல் ஒட்டும். வெயில் ஏறிவிட்டால் அத்தனையும் தரையில்தான் கிடக்கும். பொறிவண்டு உட்கார்ந்திருக்கும் கொத்தில் மட்டும் தூவமாட்டாள். “அது தின்னுக்கிடும், நாம என்னத்துக்கு” என்பாள்.

பறித்த அவரையை அவள் அடுக்களைத் திண்ணையில் மூன்று குவியலாகப் பிரிப்பாள். விரலால் வளைத்தால் சத்தமில்லாமல் வளையும் பிஞ்சு ஒரு பக்கம். அது முழுதாகத் தேங்காய் போட்டுப் பொரியலுக்கு. ‘டக்’ என்று ஒடியும் காய் இன்னொரு பக்கம். அரிவாள்மணையில் வைத்து இரண்டு ஓரத்து நாரையும் இழுத்துவிட்டு நறுக்கினால் சாம்பாருக்கோ புளிக்குழம்புக்கோ ஆகும். தொட்டால் உள்ளே விதை உருளும் முற்றலைத் தோலுரித்துப் பருப்பை மட்டும் எடுத்துக் கத்தரிக்காயோடு சேர்ப்பாள். மொச்சையும் அவரையும் தாவரவியலில் ஒரே இனம் என்பதால், முற்றிய அவரைப் பருப்பு குழம்பில் மொச்சையைப் போலவே மாவாக வேகும். ஒரே கொடி, ஒரே காலைப் பறிப்பு, மூன்று பதார்த்தம். கடையில் இந்த மூன்றும் ஒரே கூடையில் கலந்து கிடக்கும். அவற்றை ஒன்றாகப் போட்டு வேகவைத்தால் பிஞ்சு குழைந்திருக்கும், முற்றல் வெந்திருக்காது.

கத்தரிச் செடியை அவள் பராமரித்தது வேறு விதம். காலையில் நுனிக்குருத்து ஒன்று வாடித் தலைசாய்ந்திருந்தால் அதற்குத் தண்ணீர் ஊற்றமாட்டாள். வாடிய இடத்துக்குக் கீழே நகத்தால் கிள்ளி எடுத்து அடுப்பில் போடுவாள். தண்டுக்குள் புழு இருக்கும். குருத்தைத் துளைக்கும் அதே புழுதான் பிறகு காயைத் துளைக்கிறது. இந்தியா முழுக்கக் கத்தரி விவசாயிகள் அதிகம் மருந்தடிப்பது இந்தப் புழுவுக்குத்தான். மரபணு மாற்றிய பி.டி. கத்தரியை உருவாக்கியதும், பெரிய விவாதத்துக்குப் பின் 2010 பிப்ரவரியில் மத்திய அரசு அதை நிறுத்தி வைத்ததும் இதே புழுவை முன்வைத்துத்தான். ஏக்கர் கணக்கில் பயிரிடுபவர் ஒவ்வொரு குருத்தாகக் கிள்ள முடியாது. பத்துச் செடி வைத்திருக்கும் வீட்டில் அது முடியும். வீட்டுத் தோட்டத்தின் பெரிய பலம் அது சிறியது என்பதுதான். ஒவ்வொரு செடியின் முகத்தையும் தினமும் ஒருமுறை பார்க்க முடிகிறது.

முருங்கை கிணற்றுக்குத் தெற்கே நின்றது. வெட்டி நட்ட போத்திலிருந்து வந்த மரம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989இல் வெளியிட்ட பி.கே.எம். 1 செடி முருங்கை, விதை போட்டு ஆறேழு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். அது ஊரெல்லாம் பரவிய பிறகும் ஆச்சி பழைய மரத்தை விடவில்லை. மழைக்காலத்தில் அதன் அடித்தண்டில் கம்பளிப் புழு கும்பலாக அப்பிக் கிடக்கும். பந்தத்தைக் கொளுத்திக் காட்டுவார்கள். கிளை பொசுக்கென்று ஒடியும் என்பதால் பிள்ளைகள் ஏறக் கூடாது. துரட்டியால்தான் பறிக்க வேண்டும். காய் கிடைக்காத மாதங்களில் கீரை, கீரை முற்றினால் பூ. முருங்கைப் பூவைப் பாசிப்பருப்போடு வதக்கித் தேங்காய் தூவினால் ஒரு பிடிப் பூவில் நாலு பேர் சாப்பிடலாம். இதைக் காய்கறிக் கடையில் விற்றுப் பார்த்தவர் இருந்தால் சொல்லட்டும். பறித்து அரைநாளில் வாடிவிடும் பூவை யார் லாரியில் ஏற்றுவார்கள்? புடலங்காயின் உள்ளே இருக்கும் விதைச் சோற்றில் துவையல், பீர்க்கங்காய்த் தோல் துவையல், பூசணிக் கொழுந்துக் கூட்டு, தண்டுக்கீரையின் தடித்த தண்டு போட்ட புளிக்குழம்பு என்று அந்த வீட்டில் ருசித்துச் சாப்பிட்டவற்றில் பாதி, சந்தை காயென்று கணக்கில் சேர்க்காதவை.

சீனிஅவரைக்காய் கொட்டும் மாதங்களில் வீட்டு மாடி வத்தல் களமாகிவிடும். கொத்தவரங்காயைத்தான் நெல்லைச் சீமையில் அப்படிச் சொல்வார்கள். முழுக் காயை உப்புப் போட்டு அரைவேக்காடாக அவித்து, ஓலைப்பாயில் பரப்பினால் ஓரிரண்டு வெயிலில் சுருங்கும். அதோடு முடியாது. மோரில் ஊறவைத்து மறுபடி காயவைக்க வேண்டும். பாகல், சுண்டை, மணத்தக்காளி, கத்தரி எல்லாவற்றுக்கும் இந்த முறை உண்டு. கோவில்பட்டிப் பக்கத்து உறவினர் கரிசல் காட்டு மிதுக்கங்காயைக் கொண்டுவந்தால் அதுவும் சேரும். மாசி, பங்குனி, சித்திரை வெயிலில் ஜாடியை நிரப்பி வைத்தால், ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் செடியெல்லாம் அழுகிக் கிடக்கும் நாட்களில் வத்தக்குழம்பு கைகொடுக்கும். கோடையின் வெயிலை மழைக்காலத்துக்கு எடுத்துவைப்பதற்கு வேறு கருவி அன்றைக்கு இல்லை.

எல்லாவற்றையும் வத்தலாக்கவும் முடியாது. பீர்க்கு, வெள்ளரி, கீரை எதுவும் காத்திருக்காது. அவை சுவருக்கு அந்தப்பக்கம் போகும். அடுத்த வளவு மதினி கொடுத்தனுப்பிய பாத்திரம் ஒருநாளும் வெறுமனே திரும்பியதில்லை. இங்கேயிருந்து பீர்க்கங்காய் போனால், அங்கேயிருந்து பப்பாளிக்காயோ எலுமிச்சையோ வரும். தெருவிலுள்ள ஒவ்வொரு வீட்டிலும் எது காய்க்கிறது, எது காய்ந்துபோனது என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரே காய் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் கொட்டும்போதுதான் சிக்கல். பூசணிக்காய் அப்படிப்பட்டது. அதனால்தான் கோயிலுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று பேத்தியின் அம்மா சொல்வதுண்டு.

கூட்டாஞ்சோறு வைக்கும் நாளை ஆச்சி முன்கூட்டிச் சொல்லமாட்டாள். மடியில் ஐந்தாறு தினுசு காய் வந்து, எதுவும் தனியாக ஒரு பொரியலுக்குப் போதாது என்று தெரிந்தவுடன் குரல் கொடுப்பாள்: “ஏ பிள்ளே, உருளிய எடு.” மருமகள் கேட்பாள், “அத்தை, எத்தனை பேருக்கு?” அந்தக் கேள்விக்குப் பதில் வராது, கூட்டாஞ்சோறு என்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் சேர்த்துத்தான்.

முதலில் துவரம்பருப்பு. அது முக்கால் பதம் வெந்ததும் அரிசியைக் களைந்து போட வேண்டும். பருப்பு முழுக்க வெந்துவிட்டால் அரிசி வேகும் நேரத்தில் கரைந்து அடிப்பிடிக்கும். அம்மியில் தேங்காய், சீரகம், மிளகாய்வத்தல், மஞ்சள், சின்ன வெங்காயம், ரெண்டு பல் பூண்டு சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்தாக வேண்டும். காய்களைப் போடும் வரிசைதான் கைப்பக்குவம். வாழைக்காயும் சிறுகிழங்கும் அரிசியோடு இறங்கும். முருங்கைக்காயும் அவரையும் அரிசி பாதி வெந்தபின். கத்தரிக்காய் அதற்குப் பின். மாங்காய்த் துண்டு கடைசியில். புளித் தண்ணீரைக் காய் வெந்த பிறகுதான் ஊற்றுவாள். புளி முந்தினால் காய் வேகாமல் விறைத்து நிற்கும். இறக்கும் முன் முருங்கைக்கீரையை உருவிப் போட்டு, உருளியை மூடிக் கங்கில் விட்டுவிடுவாள். கீரை ஆவியிலேயே வேகும், பச்சை நிறம் மாறாது. கடைசியில் கடுகும் வடகமும் தாளித்துக் கொட்டும்போது வீடு முழுக்க எழும்பும் மணத்துக்குத் தெருப் பிள்ளைகள் தட்டோடு வந்து நிற்பார்கள். தொட்டுக்கொள்ள அப்பளமும் கூழ்வத்தலும் போதும்.

அதே உருளியில் ஒவ்வொரு முறையும் வேறு ருசி. சித்திரையில் மாங்காய்ப் புளிப்பு முன்னே நிற்கும். மார்கழியில் அவரை மணம். மாங்காய் இல்லாத மாதம் புளி கூடும், வாழைக்காய் இல்லாத நாள் சேம்பு வரும். எதைப் போட்டார்கள் என்று பேத்தி எழுதி வைத்த பழைய நோட்டில் ஒரே கூட்டாஞ்சோறு இரண்டு முறை இல்லை.

ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு அந்த அடுக்களையில் முட்டைக்கோஸ், காரட், பீன்ஸ் எதுவும் ஏறாது. பாகல், வாழைக்காய், புடலை, அவரை, சேனை என்று நாட்டுக்காய்தான். பல குடும்பங்களில் அன்றைக்கு மிளகாயையும் விலக்கி நல்லமிளகில் சமைப்பார்கள். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து பதினாறாம் நூற்றாண்டு முதல், போர்த்துக்கீசியர் போன்றவர்களின் கப்பல் வழியே இந்தியக் கரைக்கு வந்தவை. அவை வருவதற்கு முந்திய அடுக்களையின் நினைவு, முன்னோருக்குப் படைக்கும் இலையில் மட்டும் தங்கிவிட்டது. புறவாசலில் நாட்டுக்காய்களுக்கு இடம் தவறாமல் கிடைத்ததற்கு இந்த அமாவாசைகள் ஒரு முக்கியக் காரணம். யாருக்கும் பிடிக்காவிட்டாலும் பாகல் விதை முடிச்சு ஆண்டுதோறும் அவிழ்க்கப்பட்டது.

பொங்கலுக்குக் கிழங்குகள். சேனை, சேம்பு, வள்ளிக்கிழங்கு, பனங்கிழங்கு, எல்லாவற்றுக்கும் மேலே சிறுகிழங்கு. சிறுகிழங்கின் தோலைக் கத்தியால் சீவினால் ஒரு நாள் போகும். சாக்கில் போட்டு இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தரையில் அடித்தால் மண்ணும் தோலும் ஒன்றாக உதிரும். அந்த வேலை பிள்ளைகளுக்கு. பொங்கலன்று காலை நெல்லைத் தெருக்களில் கேட்கும் அந்த மொத்து மொத்தென்ற சத்தம் பேத்திக்குக் கரும்பைவிடப் பெரிய பொங்கல் அடையாளம்.

ஆச்சி தொண்ணூறுகளின் கடைசியில் காலமானாள். அதன் பிறகு புறவாசலைப் பேத்தியின் அம்மா பார்த்துக்கொண்டாள். 2008 வாக்கில் கோயம்புத்தூர்ப் பக்கம் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, ஓரிரு ஆண்டுகளில் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. அம்பாசமுத்திர வீட்டிலும் பப்பாளியும் செம்பருத்தியும் கத்தரியும் வெள்ளை மாவு பூசியதுபோல் ஆகி, இலை சுருண்டு, ஒவ்வொன்றாகப் பட்டுப்போயின. சோப்புக் கரைசல், வேப்பெண்ணெய், தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பது என்று அம்மா செய்ததெல்லாம் சில நாட்களுக்குத்தான் தாங்கியது. பூச்சியின் மேலுள்ள மெழுகுப் பூச்சு எந்த மருந்தையும் எளிதில் உள்ளே விடுவதில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த பூச்சி அது. அன்றைக்கு இங்கே அதைக் கட்டுக்குள் வைக்கும் இயற்கை எதிரி இல்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற, கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒட்டுண்ணிக் குளவியை இந்திய விஞ்ஞானிகள் வரவழைத்தார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அதைப் பெருக்கி மாவட்டங்களுக்கு அனுப்பியது. குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். புழு உள்ளிருந்தே தின்று வளர்ந்து, குளவியாக வெளியேறும். ஓராண்டுக்குள் நிலைமை அடங்கியது. அம்மா எந்தக் குளவியையும் பார்க்கவில்லை. அடுத்த ஆண்டு பப்பாளி வெள்ளையில்லாமல் தழைத்ததைத்தான் பார்த்தாள். பறிகொடுத்தவற்றில் கத்தரி விதை மட்டும் மதினி வீட்டிலிருந்து திரும்பி வந்தது. ஆச்சி கொடுத்த விதையின் வழி வந்த விதை அது. கொடுத்தனுப்பும் பழக்கம் ஒரு விதைக் காப்பகமாகவும் இருந்திருக்கிறது.

சென்னைக்குக் குடிபோன பேத்திக்கு மண் இல்லை, மொட்டைமாடிதான். 2013இல் தமிழ்நாடு அரசு சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத் தொகுப்பை மானிய விலையில் கொடுக்கத் தொடங்கியபோது அவளும் வாங்கினாள். பாலித்தீன் பைகள், தென்னை நார்க்கழிவுக் கட்டிகள், விதை, உயிர் உரம். மண்ணைவிட நார்க்கழிவு மாடிக்கு நல்லது. எடை குறைவு, தன் எடையைப்போல் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும். ஆனால் அதில் செடிக்குப் போதிய உணவு கிடையாது. மண்புழு உரமோ தொழு உரமோ கலக்காவிட்டால் செடி மஞ்சளித்து நிற்கும். உப்பும் இருக்கும். இரண்டு மூன்று முறை ஊறவைத்துக் கழுவி ஊற்றிய பிறகே நட வேண்டும். பைகளைச் செங்கல்மேல் தூக்கி வைத்தால் தளத்தில் தண்ணீர் நிற்காது. குடியிருப்போர் கூட்டத்தில் ‘மாடி ஒழுகும்’ என்று எழுந்த குரல் அதற்குப் பிறகு அடங்கியது. சித்திரை, வைகாசியில் நிழல்வலை இல்லாமல் சென்னை மாடியில் தக்காளி பூவைத் தக்கவைக்காது. கீரை மட்டும் எந்த மாதமும் கைவிடவில்லை. அரைக்கீரையை வேரோடு பிடுங்காமல் கிள்ளிக் கிள்ளி எடுத்தால் ஒரே பையில் பல மாதம் வரும். முளைக்கீரை மூன்று நாலு வாரத்தில் தயார். பொடி விதையை மணலோடு கலந்து தூவியதும் வைக்கோலோ சாக்கோ போட்டு மூடாவிட்டால் எறும்பு இழுத்துப் போய்விடும்.

மாடியில் சுரைக்கொடி ஓடி, நிறையப் பூத்தும் காய் பிடிக்காமல் இருந்தது. மாடித்தோட்டம் வைத்தவர்கள் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்லும் குறை இதுதான். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா அன்று மாலை பொழுது சாயும் நேரத்தில் பேத்தியை மாடிக்குக் கூட்டிப்போனாள். சுரைப்பூ வெள்ளை, சாயங்காலம் விரிந்து, இரவெல்லாம் மலர்ந்திருந்து, விடிந்து வெயில் ஏறும்போது வாடிவிடும். இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகள்தான் அதற்கு மகரந்தம் சுமப்பவை. பூசணியும் பாகலும் காலைப் பூக்கள், அவற்றுக்குத் தேனீ. நாலாவது மாடியில், சுற்றிலும் வெளிச்சம் எரியும் நகரத்தில், அந்துப்பூச்சி எத்தனை வரும்?

“இது ஆம்பளப் பூ, காம்பு மட்டும்தான் இருக்கும். இதைப் பாரு, பூவுக்குக் கீழ குட்டியா ஒரு சுரைக்காய் ஒட்டிக்கிட்டிருக்கா? இதுதான் பொம்பளப் பூ.” அம்மா ஆண் பூவைக் கிள்ளி, இதழ்களைப் பின்னுக்கு மடக்கி, நடுவிலிருந்த மஞ்சள் தூளைப் பெண் பூவின் முடியில் மெல்ல நாலு தடவை தடவினாள். ரோமம் அடர்ந்த அந்தப் பிஞ்சு விரற்கடை நீளம்தான். மகரந்தம் சேராதிருந்தால் இரண்டு மூன்று நாளில் மஞ்சளித்துச் சுருங்கியிருக்கும். இது பச்சை மினுமினுப்போடு காம்பை வளைத்துக்கொண்டு கீழே தொங்கத் தொடங்கியது. நகம் அழுத்தினால் உடனே இறங்கும் பருவத்தில் பறித்தார்கள். பாதியைப் பாசிப்பருப்புக் கூட்டாகவும், சீவிய தோலை உளுந்தும் வத்தலும் வறுத்துச் சேர்த்துத் துவையலாகவும் அம்மா செய்தாள்.

நறுக்கும் முன் ஒரு சிறு துண்டை நுனிநாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினாள். சுரை, பீர்க்கு, வெள்ளரி எதுவானாலும் அந்தக் குடும்பத்தில் இந்தப் பழக்கம் உண்டு. கசந்தால் மொத்தமும் குப்பைக்கு. குக்குர்பிட்டாசின் என்ற கசப்புப் பொருள் கூடிய சுரைக்காயின் சாற்றைக் குடித்து உயிரிழந்தவர்கள் இந்தியாவில் உண்டு. கசக்கும் சாற்றைக் குடிக்கவே கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிபுணர் குழுவும் எச்சரித்திருக்கிறது. வேகவைத்தாலும் அந்தக் கசப்பு போகாது. சொந்தமாக விதை எடுத்து வளர்ப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

மாடியில் இடமில்லாமல் போனது சுண்டைக்குத்தான். ஆளுயரத்துக்கு மேல் முள்ளோடு வளரும் செடி. அதைக் கீழே, காவலாளி அறைக்குப் பின்னால் இருந்த துண்டு மண்ணில் பேத்தி நட்டாள். இரண்டு மழை பார்த்ததும் கொத்துக் கொத்தாகக் காய்த்தது. வேண்டியவர்கள் பறித்துக்கொள்ளலாம் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தாள். முதலில் வந்தவர் காவலாளியின் மனைவி, வேலூர்ப் பக்கத்துக்காரர். பச்சைச் சுண்டையை நசுக்கித் தண்ணீரில் அலசி, பூண்டு போட்ட காரக்குழம்பு வைத்து ஒரு கிண்ணத்தில் மேலே அனுப்பினார். கிண்ணத்தை வெறுமனே திருப்பி அனுப்ப மனமில்லாமல் பேத்தி அரைக்கீரை வைத்துக் கொடுத்தாள். அடுத்த முறை ஊருக்குப் போய்வந்தபோது அவர் ஒரு காகிதப் பொட்டலம் கொண்டுவந்தார். முள்ளுக் கத்தரி விதை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த வேலூர்க் கத்தரியின் காம்பு மூடியில் முள் இருக்கும்.

“முள்ளு குத்துதுன்னு காம்ப வெட்டிடாதீங்கக்கா” என்றார் அவர். “காம்போட நாலாக் கீறி, எண்ணெயில வதக்கினாத்தான் அந்தக் காய்க்கு ருசி. பிரியாணி செய்யற அன்னிக்கிச் சொல்லுங்க, நானே வந்து செஞ்சு காட்டறேன்.”

விதை இப்போது நாற்றுத்தட்டில் முளைத்து நாலு இலை விட்டிருக்கிறது. அம்மா தொலைபேசியில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அந்தக் காய் கூட்டாஞ்சோற்றில் குழையுமா, நிற்குமா?